கரூரைத் தாண்டினால் காவிரி கூடவே வரும்... புத்தூர் வீட்டுக்குத் திரும்பிய ஓர் அப்பாவும் மகளும்!

திருச்சி புத்தூர்க்காரர்கள் யாராவது கோவையிலிருந்து காரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தால், "எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். காங்கேயம், வெள்ளகோவில், தென்னிலை என்று ஊர்ப் பெயர்தான் பதிலாக வரும். கரூரைத் தாண்டிவிட்டால் பதில் மாறிவிடும். "ஆத்தோரம் வந்துட்டோம்" என்பார்கள். இன்னும் 80 கி.மீ. பாக்கி இருக்கிறதே என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் வராது. ஆறு வந்துவிட்டால் பாதி வீடு வந்த மாதிரி.

அப்படித்தான் ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்க, ஓர் அப்பாவும் மகளும் புத்தூருக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங் மகள் கையில். பக்கத்து சீட்டில் அப்பா. வயது அறுபத்தைந்து. அரசுப் பேருந்து ஓட்டுநராக முப்பது வருடம் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றவர். அந்த முப்பதில் பாதிக்கு மேல் இதே திருச்சி - கரூர் ரூட். பஸ்ஸின் பக்கவாட்டில் 'தீரன் சின்னமலை' என்று எழுதியிருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, ஐந்து மாதமாகக் கோவையில் மகள் வீட்டில் இருக்கிறார். மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு. பேச்சுத்துணைக்கு டி.வி. உண்டு. "இங்கேயே இருந்துடுங்கப்பா" என்று மகள் பலமுறை சொல்லிவிட்டார். அப்பா "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்வார். அம்மா போய் நான்கு வருடங்கள் ஆகின்றன. புத்தூர் வீட்டில் அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் யார் பார்ப்பார்கள் என்ற மகளின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

பின் சீட்டில், ஒரு போர்வைக்குக் கீழே, மகள் வாங்கி வைத்த சின்னப் பலகை ஒன்று இருந்தது. 'வீடு வாடகைக்கு'. இந்த முறை வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு, வாசலில் மாட்டிவிட்டு வரலாம் என்பது அவர் திட்டம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார்.

"பாப்பா, அந்த லாரிக்குப் பின்னாடி ஒட்டாத. அவனுக்கு பிரேக் லைட்டு எரியல."

"பாத்துட்டேன்ப்பா."

கோவையிலிருந்து கரூர் வரை அப்பா பேசியது இவ்வளவுதான். அந்தப் பக்கத்துச் சாலையில் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பனைமரம், கிளுவை வேலி, மேயும் காங்கேயம் மாடுகள் என்று அழகான வறண்ட பூமிதான் அது. ஆனால் அவருடைய பூமி இல்லை. கரூரில் அமராவதி பாலத்தைத் தாண்டியதும்தான் சீட்டில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'கரம்' வாங்க வேண்டும் என்றார். தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்கறித் துருவலும் வைத்துத் தரும் செட்டும், பொரியைக் கிளறித் தரும் கரமும் கரூர்க்காரர்களின் சாயங்காலச் சொத்து. காலையில் அதற்கு எங்கே போவது? கடை இன்னும் திறக்கவில்லை என்று மகள் சமாதானம் சொன்னார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதும் காரணம்.

மணவாசி டோல்கேட் தாண்டி மாயனூர் நெருங்கும்போது இடது பக்கம் பச்சை தொடங்கிவிடுகிறது. அமராவதி திருமுக்கூடலூரில் காவிரியோடு சேர்ந்துவிட, இங்கிருந்து முக்கொம்பு வரை ஆற்றுக்கு 'அகண்ட காவிரி' என்றே பெயர். பெயருக்கு ஏற்ற அகலம். எதிர்க்கரையில் நிற்கும் ஆள் ஒரு புள்ளியாகத்தான் தெரிவார். மாயனூரில் 98 மதகுகளோடு கதவணை ஒன்று குறுக்கே நிற்கிறது. 2014-ல் பயன்பாட்டுக்கு வந்தது. "நான் வேலைக்குச் சேந்தப்ப இதெல்லாம் கிடையாது. கோடையில வெறும் மணலா கெடக்கும். பசங்க ஆத்துக்குள்ளயே கிரிக்கெட் ஆடுவானுங்க" என்றார் அப்பா. அந்த மணலும் இப்போது பழைய மணலாக இல்லை. எத்தனையோ வருடங்களாக லாரி லாரியாக அள்ளியதில் ஆற்றின் தரை இறங்கிவிட்டது. பல இடங்களில் நாணலும் சீமைக் கருவேலமும் ஆற்றுக்குள்ளேயே வேர் பிடித்து நிற்கின்றன.

கிருஷ்ணராயபுரம், மகாதானபுரம், லாலாப்பேட்டை. இந்த வரிசையை இந்தச் சாலையில் வளர்ந்தவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி, பக்தர்களின் தலையில் தேங்காய் உடைக்கும் மகாலட்சுமி கோயில் இருப்பது மேட்டு மகாதானபுரத்தில். லாலாப்பேட்டை என்றால் வாழைக்காய் மண்டி. சாலையோரம் வாழைத்தார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, ஏலரிசி, நேந்திரன் எல்லாவற்றையும் ஓடுகிற வண்டியிலிருந்தே பெயர் சொல்லிவிடுவார் அப்பா. வாழைக்கு நடுநடுவே கொடிக்கால்கள். அகத்தி மரத்தை வளர்த்து, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றி, உள்ளே எப்போதும் நிழலும் ஈரமுமாக வைத்திருப்பார்கள். விடிகாலை முதல் டிரிப்பில் வெற்றிலைக் கூடைகள் பஸ்ஸில் ஏறினால் டீசல் வாசனை எடுபடாது என்பது அப்பாவின் அனுபவம்.

"இலைக்கட்டு ஏத்துற பாட்டிங்க நாலஞ்சு பேரு இருப்பாங்க. ஏணியில ஏறி மேல போட ஆள் கிடைக்காது. கண்டக்டர் முணுமுணுத்துக்கிட்டே ஏத்துவாரு. எறங்குறப்ப அவருக்கு ரெண்டு இலை, எனக்கு ரெண்டு இலை. உங்கம்மா அந்த இலையிலதான் ஞாயித்துக்கெழமை சோறு போடுவா."

மகளுக்கு இது தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

குளித்தலை சுங்ககேட்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள். ஊரைச் சுற்றி மூன்று சிவன் கோயில்கள். காலையில் குளித்தலையில் கடம்பரைப் பார்த்து, மதியம் அய்யர்மலையில் ஏறிச் சொக்கரைக் கும்பிட்டு, சாயங்காலம் ஆற்றைத் தாண்டி ஈங்கோய்மலையில் முடித்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய வழக்கம். ஒரே நாளில் மூன்றும் முடிப்பது இன்றைக்கும் கால்வலி எடுக்கும் சமாசாரம்தான். அய்யர்மலைக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம் படிகள். கடம்பவனேசுவரர் வடக்கு பார்த்து, அதாவது ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தைப்பூசத்தன்று சுற்றுப்பட்டு எட்டு ஊர்ச் சாமிகள் குளித்தலைக் காவிரிக் கரைக்கு வந்து சந்தித்துக்கொள்ளும். அன்றைக்கு பஸ் நகராது. "சாமிங்க எல்லாம் டயத்துக்கு வந்துடும். நாமதான் லேட்டு" என்று டிரைவர்கள் சிரித்துக்கொள்வார்களாம்.

டீக்கடையில் ஒரு பெண்மணி. கையில் ஒயர் கூடை, அதில் பிளாஸ்க்கும் ஒரு தட்டும். திருச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் அப்பா மெதுவாகச் சொன்னார், "ஜி.ஹெச். போறாங்க."

புத்தூர்க்காரர்களுக்குப் புத்தூர் என்றால் வீடு. இந்த ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்குப் புத்தூர் என்றால் பெரியாஸ்பத்திரி. மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை என்று போர்டு இருந்தாலும், பஸ்ஸில் ஏறுகிறவர்கள் "புத்தூர் ஆஸ்பத்திரிக்கு எங்க எறங்கணும்?" என்றுதான் கேட்பார்கள். கரூர் பஸ் சத்திரம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து டவுன் பஸ் மாற வேண்டும். இதைத் தினமும் பத்துப் பேருக்காவது அப்பா சொல்லியிருப்பார். பாம்பு கடித்த பையனை மடியில் போட்டுக்கொண்டு ஓர் அப்பா ஏறிய நாளில், இனுங்கூரிலிருந்து எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் ஓட்டியதையும் அவர் சொன்னார். இறங்க வேண்டியவர்கள் யாரும் சத்தம் போடவில்லையாம். பையன் பிழைத்தானா?

"பொழச்சான். ரெண்டு மாசம் கழிச்சு அவங்கப்பா ஒரு தாரு கொண்டாந்து பானெட்டு மேல வெச்சுட்டுப் போனாரு."

அதே ஆஸ்பத்திரி தன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது என்று அப்பா சேர்த்துச் சொன்னார். சும்மா சொன்னதுபோலத்தான் இருந்தது. மகள் டீக்குக் காசு கொடுக்கப் போனார். அந்த நேரத்தில் தண்ணீர் பாட்டில் எடுக்க அப்பா காரின் பின் கதவைத் திறந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது எதுவும் கேட்கவில்லை.

மருதூர் தாண்டிப் பெட்டவாய்த்தலை. ஒரு காலத்தில் ஊர் வருவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு வாசனை. ஆலையை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கரும்பு வண்டிகளின் பின்னால் ஓடிக் கரும்பு உருவிய பிள்ளைகள் எல்லாம் இப்போது பிள்ளை பெற்றவர்கள். மகளும் அதில் ஒருவர். அம்மாவின் ஊர் அடுத்திருக்கும் பெருகமணி. பள்ளி லீவு விட்டால், அப்பா ஓட்டும் பஸ்ஸில் இன்ஜின் பானெட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாட்டி வீட்டுக்குப் போவார். சூட்டில் கால் வெந்துபோகும். ஆனாலும் அந்த சீட்டை யாருக்கும் விட மாட்டார்.

பெட்டவாய்த்தலையில்தான் காவிரியிலிருந்து உய்யக்கொண்டான் பிரிகிறது. ராஜராஜ சோழன் காலத்தது என்று சொல்லப்படும், ஆயிரம் வயதான வாய்க்கால். 'உய்யக்கொண்டான்' என்பது ராஜராஜனின் பட்டப்பெயர்களில் ஒன்று. வாய்க்கால் என்று சொன்னாலும் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஆறு என்றுதான் சொல்வார்கள். சுமார் 70 கி.மீ. ஓடி, வயல்களுக்குப் பாய்ந்து, வழியில் குளங்களை நிரப்பி, கடைசியில் வாழவந்தான்கோட்டை ஏரியில் போய்ச் சேருகிறது. நடுவே திருச்சி நகரத்துக்குள் நுழைகிறது. நுழையும் இடம் உய்யக்கொண்டான் திருமலை. அடுத்தது புத்தூர்.

"இங்க பிரியுற தண்ணிதான் பாப்பா நம்ம வீட்டுப் பக்கம் வருது. நாம முக்கா மணி நேரத்துல போயிடுவோம். அது ஆடி அசைஞ்சு ராத்திரிக்கு வரும்."

இந்தச் சாலையின் விசேஷமே இதுதான். இடது பக்கம் காவிரி, வலது பக்கம் வயல்களைத் தாண்டி உய்யக்கொண்டான். நடுவில் சாலையும், ஈரோடு - திருச்சி ரயில் தண்டவாளமும். ஒரே தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஊருக்குக் கூட வருகிறது. பஸ் பயணிகள் பெரும்பாலும் இடது ஜன்னலுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். அப்பாவைப்போல விவரம் தெரிந்தவர்கள் வலது பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். வாழையின் பச்சையைப் பார்த்தே வாய்க்காலில் தண்ணீர் வந்து எத்தனை நாளாகிறது என்று அவர் சொல்லிவிடுவார்.

வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்தால், இரண்டு மூன்று நாளில் தண்ணீர் முக்கொம்பைத் தொடும். அந்த நாள்களில் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் எழுந்து நின்று ஆற்றைப் பார்ப்பார்களாம். நுரையும் செத்தையும் தள்ளிக்கொண்டு, மணலை நனைத்தபடி மெல்ல வரும் முதல் தண்ணீர். அணையில் தண்ணீர் இல்லாத வருடங்களில் அந்தக் காட்சி தள்ளிப்போகும். அப்போது பஸ்ஸில் பேச்சே இருக்காது என்றார் அப்பா. கொஞ்சம் மிகைதான். ஆனால் இந்த ரூட்டில் பயணிப்பவர்களில் பாதிப் பேர் விவசாயிகள் என்பதால் நம்பலாம்.

திருப்பராய்த்துறை வந்தபோது இருவருமே பேசவில்லை. தாருகாவனேசுவரர் கோயில் உள்ள ஊர். சித்பவானந்தர் 1942-ல் தொடங்கிய ராமகிருஷ்ண தபோவனம் இருப்பதும் இங்கேதான். ஐப்பசி பிறந்தால், முதல் முழுக்கு திருப்பராய்த்துறைக் காவிரியில், கடைமுழுக்கு மயிலாடுதுறைக் காவிரியில் என்பது கணக்கு. அம்மா எந்த வருடமும் முதல் முழுக்கை விட்டதில்லை. விடிவதற்கு முன் புத்தூரிலிருந்து கிளம்பி, முதல் பஸ் பிடித்து வந்து, ஈரப் புடவையைப் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு, எட்டு மணிக்குள் வீடு திரும்பி இட்லி ஊற்றிவிடுவார். அப்பா டூட்டியில் இருந்தால் அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே வருவார். டிக்கெட் எடுத்துக்கொண்டுதான். "டிரைவர் பொண்டாட்டின்னு ஓசியில வந்தேன்னு ஒருத்தர் சொல்லிடக் கூடாது" என்பாராம். சாமான்யர்களின் கௌரவம் இப்படி எட்டணாவில், ஒரு ரூபாயில் இருந்த காலம் அது.

"நிறுத்தவாப்பா?" என்று மகள் கேட்டார்.

"வேணாம். ஐப்பசியில வருவோம்."

ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று மகள் மனதில் கணக்குப் போட்டார். 'வருவோம்' என்றால் கோவையிலிருந்தா, புத்தூரிலிருந்தா என்று கேட்கவில்லை.

முக்கொம்பு. திருச்சியில் பிறந்த எந்தக் குழந்தையும் முதல் முறை டூர் போன இடம் இதுவாகத்தான் இருக்கும். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பூங்காவில் குட்டி ரயில். காவிரி இரண்டாகப் பிரிந்து, ஒன்று காவிரியாகவும் மற்றொன்று கொள்ளிடமாகவும் போகும் இடம். நடுவில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். பின்னாளில் கோதாவரியில் அணை கட்டிப் பெயர் வாங்கிய ஆர்தர் காட்டன், 1836-ல் இங்கே மேலணையைக் கட்டி முடித்தார். கொள்ளிடத்துக்குள் தண்ணீர் அதிகமாகப் போய்விடாமல், டெல்டாவுக்குப் போகும் காவிரியைக் காப்பாற்ற வந்த அணை.

2018 ஆகஸ்ட் 22 இரவு அதன் கொள்ளிடம் பக்கத்தில் ஒன்பது மதகுகள் அடுத்தடுத்து இடிந்து விழுந்தன. அந்த மாதம் மேட்டூர் நிரம்பி ஆற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஓய்வு பெற்ற வருடம். மறுநாள் காலையில் புத்தூரிலிருந்து டவுன் பஸ் பிடித்து, அப்புறம் ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து பார்த்திருக்கிறார். போலீஸ் உள்ளே விடவில்லை. தூரத்திலிருந்தே சத்தம் கேட்டதாம்.

"182 வருசம் நின்னுச்சு. அத்தன வருசம் அது நிக்குதுன்னே யாருக்கும் ஞாபகம் இல்ல. விழுந்த அன்னிக்கு ஊரே வந்து பாக்குது" என்றார்.

மணல் மூட்டைகளையும் பாறாங்கற்களையும் கொட்டி, ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக நின்று உடைப்பைத் தற்காலிகமாக அடைத்தார்கள். இப்போது பக்கத்திலேயே புதிய கதவணை வந்துவிட்டது. ஆடி என்பதால் பாலத்தில் கூட்டம். மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் விற்கிறவர்கள் குடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

முக்கொம்பைத் தாண்டினால் ஜீயபுரம். இந்த ஊர்க் கதை ஒன்று மகளுக்குப் பாட்டி சொன்னது. இங்கே ஒரு கிழவி, ரங்கன் என்ற பேரனோடு இருந்தாள். ஆற்றுக்குக் குளிக்கப் போன பேரனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கிழவி ரங்கா, ரங்கா என்று கதற, ஸ்ரீரங்கத்து ரங்கநாதரே பேரன் உருவத்தில் வந்து, அவள் போட்ட பழைய சோற்றையும் மாவடுவையும் கீரையையும் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கரையேறிய நிஜப் பேரன் வாசலில் வந்து நிற்கிறான். அந்த ஞாபகத்தில் இன்றைக்கும் பங்குனித் திருவிழாவின் மூன்றாம் நாள் நம்பெருமாள் பல்லக்கில் ஜீயபுரம் வருகிறார்.

அதே திருவிழாவில் பெருமாள் இன்னொரு நாள் புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் உறையூருக்குக் கமலவல்லி நாச்சியாரைப் பார்க்கவும் போவார். ஊர் சுற்றிவிட்டுப் பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கம் திரும்பினால், தாயார் கதவைச் சாத்திவிடுவார். எங்கே போனீர், கை மோதிரம் எங்கே என்று கேள்வி மேல் கேள்வி. வாழை மட்டையால் அடி வேறு. கடைசியில் சமாதானமாகிக் கதவு திறக்கும். வீட்டுக்குத் தாமதமாகத் திரும்பும் புருஷர்களுக்கு இந்த ஊரில் இவ்வளவு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. நைட் டூட்டி முடித்து வரும் அப்பாவிடம் அம்மா இதைச் சொல்லிக் காட்டியதும் உண்டு.

அந்தநல்லூர், அல்லூர், பழூர், முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை. இந்த இடத்தில் சாலை ஆற்றங்கரை மீதே போகிறது. வளைவுகள் அதிகம், அகலம் குறைவு. ராத்திரியில் புதிதாக வருகிறவர்கள் நிதானமாக வர வேண்டிய பகுதி. "செகண்டுல எடு... இப்ப தேர்டு... ஹாரன் அடி" என்று அப்பாவின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. கோபித்துக்கொள்ளாமல் மகள் அவர் சொன்னபடியே ஓட்டினார். ஒரு வளைவில் அப்பா சொல்லாமலே ஹாரன் அடித்தார். எதிரே திருப்பத்தில் தனியார் பஸ் ஒன்று முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அன்றைய பயணத்தில் முதல் சிரிப்பு அதுதான்.

கம்பரசம்பேட்டை ஆற்று மணலுக்குள் நிற்கும் நீர் சேகரிப்புக் கிணறுகளிலிருந்துதான் திருச்சி மாநகரத்துக்குக் குடிநீர் போகிறது. அதைத் தாண்டி ஒரு திருப்பம். ஆற்றுக்கு அப்பால், தென்னந்தோப்புக்கு மேலே, 1987-ல் முழுமையடைந்த ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், 236 அடி. நேர் எதிரே மலைக்கோட்டை. ஒரே பார்வையில் இரண்டும் தெரியும் அந்த இடத்தில் திருச்சிக்காரர்கள் யாராக இருந்தாலும் ஒரு விநாடி பேச்சை நிறுத்துவார்கள். பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட இந்த இடத்தில் விழித்துக்கொள்வார்கள் என்பது அப்பாவின் முப்பது வருட ஆராய்ச்சி.

அடுத்தது குடமுருட்டி பாலம். இங்கே காவிரியில் வந்து சேரும் தண்ணீர், கோரையாறாக வந்து புத்தூரில் உய்யக்கொண்டானைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து குடமுருட்டி என்ற பெயரில் வருகிறது. புத்தூர் ஆறுகண் பகுதியில்தான் அந்தச் சந்திப்பு. சாதாரண நாளில் யாரும் கவனிக்காத இடம். 2005 நவம்பர் வெள்ளத்தில் திருச்சியின் பல பகுதிகள் மூழ்கியபோது எல்லாரும் கவனித்தார்கள். அந்த மழையில் அப்பா மூன்று நாள் வீட்டுக்கு வர முடியாமல் குளித்தலையில் மாட்டிக்கொண்டார். அம்மாவும் பள்ளி மாணவியான மகளும் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இருந்தார்கள்.

கரூர் பைபாஸ், தில்லை நகர் வழியாகப் புத்தூர் நாலு ரோடு. சனிக்கிழமை மதிய நெரிசல். ஜி.ஹெச். பக்கம் திரும்பும் ஆட்டோக்கள், பிஷப் ஹீபர் கல்லூரிப் பிள்ளைகள், வயலூர் முருகன் கோயிலுக்குப் போகும் பைக்குகள். வீட்டுக்குப் போகும் முன் அப்பா ஆறுகண் பக்கம் விடச் சொன்னார். குழுமாயி அம்மன் கோயிலைப் பார்த்து, காருக்குள் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாசி மாதம் குட்டி குடித்தல் திருவிழாவின்போது இந்தத் தெருக்களில் நிற்க இடம் இருக்காது. ஐந்து மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்ததால் இந்த வருடத் திருவிழாவை அவர் பார்க்கவில்லை.

இறங்கி, உய்யக்கொண்டான் கரையில் போய் நின்றார். தண்ணீர் வந்திருந்தது. பெட்டவாய்த்தலையில் பார்த்த நிறமில்லை. பிளாஸ்டிக் பைகளும் ஆகாயத்தாமரையும் மிதக்க, ஓரத்துச் சாக்கடைக் குழாய் ஒன்று தன் பங்கைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அம்மா துணி துவைத்த படி எது என்று மகளுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பா விரலை நீட்டிக் காட்டினார்.

வீட்டைத் திறந்தபோது ஐந்து மாதத்துப் புழுக்கம். ஆனால் கொல்லைப்புறம் வாடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் குழாய் போட்டுவிட்டிருக்கிறார். பூவன் வாழை ஒன்று தார் தள்ளி, பாரம் தாங்காமல் சாய்ந்து நின்றது. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் முட்டுக் கொடுக்கக் கழி தேடினார்.

"அப்பா, வெயிட்டுத் தூக்காதீங்க."

"கழி என்னம்மா வெயிட்டு?"

அன்று இரவும் ஞாயிற்றுக்கிழமை பகலும் வீடு கழுவுவதிலும், மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைப்பதிலும், வந்து விசாரித்தவர்களுக்குக் காபி போடுவதிலும் போனது. பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகனின் போன் நம்பரைக் காலண்டரில் பெரிதாக எழுதி மாட்டினார். ராத்திரி எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்றார். பலகையைப் பற்றி மகள் பேச்செடுக்க நினைத்த ஒவ்வொரு முறையும் யாராவது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மகள் தனியாகக் கிளம்பினார். "ஒரு மாசம் பாக்கலாம்ப்பா. சரியா வரலைன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். "சரிம்மா" என்றார் அப்பா. வாழைத்தாரை ஆள் வைத்து வெட்டி, அவரே நின்று டிக்கியில் ஏற்ற வைத்திருந்தார்.

இந்த முறை ஆறு வலது பக்கம் வந்தது. குளித்தலை சுங்ககேட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது, தார் நசுங்காமல் இருக்கிறதா என்று மகள் டிக்கியைத் திறந்து பார்த்தார். வாழைப்பால் வண்டியில் பட்டுக் கறையாகிவிடக் கூடாது என்று அடியில் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் தாரைக் கிடத்தியிருந்தார் அப்பா. 'வீடு வாடகைக்கு' என்ற எழுத்தின் மேல் கறை நன்றாக இறங்கியிருந்தது.

போன் அடித்தது. அப்பாதான்.

"எங்க வந்திருக்க பாப்பா?"

"குளித்தலைப்பா. டீ குடிக்கிறேன்."

"ஆத்துல தண்ணி நேத்தைக்கு இப்ப எப்படி இருக்கு? ஏறியிருக்கா, எறங்கியிருக்கா?"